ஆறாம் வேலைநாளின் தலையெண்ணிக்கை

பிரிஸில்லா டீச்சரின் கைப்பேசி மேசைமேல் மூன்று தடவை அதிர்ந்து அடங்கியபோது, அவள் ஒரு பத்திக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் எட்டு, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணி. பாலக்குன்று உபஜில்லாக் கல்வி அலுவலகத்தின் கமிட்டி அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே, முதல்நாள் ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. மேசையில் பழம்பொரியும் ஆறிப்போன சாயாவும், அவற்றுக்கு நடுவே உபஜில்லாவின் எழுபதாண்டு மலரின் அச்சுப்படியும் இருந்தன. பன்னிரண்டு பள்ளிக்கூடங்களோடு தொடங்கிய உபஜில்லா அறுபத்துமூன்று பள்ளிக்கூடங்களாக வளர்ந்த கதை அது. ஓலைக் கொட்டகை ஓடாகி, ஓடு கான்கிரீட்டாகி, கரும்பலகை திரையாகி, கடைசிப் பக்கத்தில் அதிகாரிகள் வரிசையாக நிற்கும் வண்ணப்படத்தில் முடிந்தது.

அந்தக் கதையில் செம்பாறை எஸ்டேட் பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு வரி. 'தோட்ட உடைமையாளரின் கருணையால் தொடங்கப்பட்டது.'

"இது பொய் சார்" என்றாள் பிரிஸில்லா.

"பொய்யுன்னு சொல்லாதீங்க டீச்சரே. சுருக்கம்னு சொல்லுங்க" என்று சிரித்தார் பத்மகுமார். உபஜில்லா அதிகாரி. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பலசரக்கு வியாபாரம் செய்யும் நாஞ்சில் நாட்டுக் குடும்பம். வீட்டில் தமிழ், மற்ற இடங்களில் எல்லாம் மலையாளம். பிரிஸில்லாவைப் பார்த்தால் மட்டும் அலுவலகத்திலும் தமிழ் பேசுவார். அதுவே ஒரு சலுகை மாதிரி.

அவளை இங்கே கொண்டுவந்ததும் அவர்தான். செம்பாறைப் பள்ளியின் பழைய நாட்குறிப்பேடுகள் தமிழில் இருந்தன. அந்தக் காலத்து வாத்தியார்கள் கட்டைப் பேனாவால் கூட்டெழுத்தில் எழுதியவை. அலுவலகத்தில் யாருக்கும் வாசிக்க வரவில்லை. "நம்ம பாஷை தெரிஞ்ச ஆளு வேணும். அஞ்சே நாள், ஆன் டியூட்டி" என்று பள்ளி திறப்பதற்கு முன்தினம் கூப்பிட்டார். பதினான்கு வருஷ வேலையில் எந்த அதிகாரியும் அவளை எதற்கும் கூப்பிட்டதில்லை. பாறசாலையிலிருந்து பொன்முடி ரோட்டுக்கு வேலைக்கு வந்து, எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழ் டீச்சர் அவள். பெருமையாகத்தான் இருந்தது. வந்தாள்.

ஐந்து நாளும் ஏடுகளைப் படித்தாள். பூச்சி அரித்த பக்கங்களில் வேறு ஒரு கதை இருந்தது. கருணையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐம்பத்தேழாம் வருஷம் கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினொரு நாள் கூடையைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் தோட்டத்து உரக்கிடங்கைக் காலிசெய்து கொடுத்தார்கள். முதல் வாத்தியார் கோலப்பன் அதை அன்றைக்கே எழுதி வைத்திருந்தார். மூட்டை நாற்றம் போக மூன்று நாள் சாணம் மெழுகியதைக்கூட.

அதைவிட அவளைப் பிடித்து நிறுத்தியது வேறொரு பக்கம். அறுபத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம்.

'இன்று தலையெண்ண வந்த இன்ஸ்பெக்டர் அவர்கள், மேல் லயத்துப் பாதை மழையில் அறுந்துபோன சேதி கேட்டு, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறி வந்தார். லயத்து வாசலிலேயே பிள்ளைகளை நிறுத்தி எண்ணினார். நாற்பத்தொன்று. அட்டை கடித்த காலோடு ஏட்டில் ஒப்பமிட்டார்.'

ஒப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை இன்னும் இருந்தது.

இரண்டையும் சேர்த்து ஒரு பத்தி எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அச்சுப்படியில் அது ஒரு வரியாகச் சுருங்கி வந்தது. "திங்கட்கிழமை கமிட்டி இருக்கு. வந்து வாதாடுங்க. வராட்டி இப்படியே அச்சுக்குப் போகும்" என்றார் பத்மகுமார்.

திங்கட்கிழமை என்ன நாள் என்று அவளுக்குத் தெரியாதா? கேரளத்தில் எந்த வாத்தியாருக்கும் தெரியும். பள்ளி திறந்த ஆறாம் வேலைநாள். அன்றைக்கு வகுப்பில் இருக்கும் தலைகளை எண்ணித்தான் அந்த வருஷம் எத்தனை டிவிஷன், எத்தனை வாத்தியார் என்று முடிவாகும். அன்றைக்குப் பள்ளிகளில் பாயசம் வைப்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக்கூடப் போர்வையோடு தூக்கிவந்து பெஞ்சில் உட்கார்த்துவார்கள். செம்பாறைப் பள்ளியில் மலையாள டிவிஷனுக்குப் பயம் இல்லை. தமிழ் டிவிஷன் நான்கு வகுப்புக்கும் சேர்த்து இருபத்துமூன்று பேர். பதினைந்துக்குக் குறைந்தால் மூடிவிடுவார்கள்.

இருபத்துமூன்றில் ஒன்பது பேர் மேல் லயத்துப் பிள்ளைகள், மலைமேல் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருப்பவர்கள். ஆறாம் நாள் காலையில் பிரிஸில்லா நேரில் போய் அவர்களை அழைத்துவருவாள். பிள்ளைகளை ஏற்றிவரும் ஜீப் மழையில் வராவிட்டால், தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப்பாதையில், ஓடைப் பலகைமேல் ஒவ்வொருவராகக் கை பிடித்து. பதினான்கு வருஷத்தில் ஒரு ஜூன்கூட அவள் தவறியதில்லை.

"இந்த ஒரு நாள்தானே. பள்ளியில் ஷீஜா டீச்சர் பார்த்துக்கொள்வார்" என்று நினைத்து அவள் மலை ஏறாமல் கீழேயே தங்கிவிட்டாள்.

பன்னிரண்டே கால் மணிக்குக் கமிட்டி இறங்கி வந்தது. பதினொரு நாள் சமாசாரம் வேண்டாம், உரக்கிடங்கும் இன்ஸ்பெக்டரும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பாதி ஜெயித்த சந்தோஷத்தில் அவள் கைப்பேசியை எடுத்தாள். தலைமையாசிரியை ஷீஜாவிடமிருந்து மூன்று அழைப்புகள். அப்புறம் ஒரு செய்தி.

'மேலே ரோட்டில் மண்ணு விழுந்து. ஜீப் வந்நில்ல. உங்க டிவிஷன் 14. பன்னிரண்டுக்கு போர்ட்டல் அடைக்கும், ஏற்றிட்டேன். ஸாரி டீச்சர்.'

அவள் அந்தப் பதினான்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையில் யாரோ பழம்பொரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

மாடம்மாளின் அழைப்பு வந்தபோது மணி ஒன்று. மேல் லயத்தில் கொழுந்து பறிப்பவள். மகள் ஸ்வப்னா மூன்றாம் வகுப்பு.

"டீச்சரு, எங்க இருக்கீய?"

"ஆபீஸ்ல மாடம்மா. ஒரு மீட்டிங்..."

"மீட்டிங்கா? நல்லாருக்கே! ஆறரைக்கே ஒம்பது பிள்ளையளயும் குளிப்பாட்டி, யூனிபாரம் மாட்டி வாசல்ல நிப்பாட்டியிருந்தேன். ஏழரைக்கு எனக்கு மஸ்டரு. பேரு கூப்பிட்டா நிக்கணும், இல்லன்னா அன்னைக்குச் சம்பளம் போச்சு. டீச்சரு வருவாவ, எங்கயும் ஓடாதியன்னு சொல்லிட்டுப் போனேன். பத்து மணிக்கு வந்து பாக்கேன், அப்படியே நிக்குதுவ. நனைஞ்சுக்கிட்டு. எம்மவ கேக்கா, டீச்சருக்குக் காய்ச்சலாம்மான்னு. நான் என்னன்னு சொல்ல?"

பிரிஸில்லா கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"சொல்லுங்க டீச்சரு. காய்ச்சலா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று மாடம்மாள் வைத்துவிட்டாள்.

அந்த 'அப்ப சரி' காதிலேயே நின்றது. அதோடுதான், பழைய ஏடு கையிலிருக்க, அவள் பத்மகுமாரின் அறைக்குள் நுழைந்தாள். அனுமதி கேட்கவில்லை.

"சார், எங்க டிவிஷன் எண்ணிக்கை தப்பு. ரோடு அடைஞ்சிருந்தது. ஒன்பது பிள்ளைங்க லயத்துலயே நிக்கிறாங்க. மறுபடியும் எண்ணணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போர்ட்டல் அடைச்சாச்சு டீச்சரே. பொய்த் தலை ஒந்நும் சேர்க்க முடியாது இப்ப. ஆதாரோட ஒத்துப் போகணும்."

"பொய்த் தலை இல்ல சார். உயிரோட இருக்கிற பிள்ளைங்க."

"எனிக்கு அறியாம், தெரியும். பக்ஷே, அறுபத்துமூணு ஸ்கூல். ஒவ்வொரு மலைக்கும் நான் போய் எண்ண முடியுமா?"

"ஒருத்தர் போயிருக்கார் சார். இப்பத்தான் அந்தப் பத்திக்கு நீங்க சம்மதிச்சீங்க. அட்டை கடிக்கக் கடிக்க ஏறிப் போயிருக்கார்."

அவர் முகம் இறுகியது. "அது சரித்திரம் டீச்சரே."

"அப்போ இது என்ன?"

"இது ஸ்டாஃப் ஃபிக்ஸேஷன், வாத்தியார் கணக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க எதுக்கு டென்ஷன் ஆகுறீங்க? உங்க வேலை போகாது கேட்டோ. நகரத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல போடச் சொல்றேன். கிழக்கேகோட்டையில இறங்கினா நடந்து போற தூரம். எத்தனை வருஷம் அந்த அட்டைக்காட்டுல கிடப்பீங்க? பிள்ளைங்க கீழ இருக்கிற மலையாளம் மீடியத்துல சேர்ந்துக்கும். அதுவும் நல்லதுதானே?"

"பதினெட்டு கிலோமீட்டர் சார். ரெண்டே பஸ். ஏழு வயசுப் பிள்ளைங்க."

"உபஜில்லா வளர்ந்நிருக்கு டீச்சரே. பஸ்ஸும் வரும்."

அதற்கு மேல் அங்கே நின்றால் கையில் இருக்கும் ஏட்டை அவர் மேசைமேல் வீசிவிடுவோமோ என்று அவளுக்கே பயம் வந்தது. வெளியே வந்தாள். கோபம் முதலில் அவர்மேல் வந்தது. பிறகு, பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஓர் ஆளை மேலே ஓட்டத் தோன்றாத ஷீஜாமேல் திரும்பியது. வராந்தாவின் கோடிக்குப் போவதற்குள் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் எப்படிப் பிறந்தது என்று ஒரு பத்தி எழுத உட்கார்ந்து, அது சாகிற நாளில் பக்கத்தில் இல்லாமல் போனவள் அவள்தான். வெள்ளிக்கிழமையே, அச்சுக்கு என்னவும் போகட்டும் என்று மலை ஏறியிருக்கலாம். அந்தப் பத்தியை யார் வாசிக்கப் போகிறார்கள்? மேல் லயத்தில் ஒருவரிடமும் அந்த மலர் போய்ச் சேராது.

"அம்மா, கொஞ்சம் இப்படி வாங்கோ."

கூப்பிட்டவர் சூப்பிரண்டு நாகேஸ்வரன். கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். அடுத்த மார்ச்சில் ஓய்வு. கோப்பைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவர் என்று பேர்.

"உள்ளே பேசினதெல்லாம் கேட்டுது. சுவரா இது, வெறும் அட்டைத் தடுப்பு. சட்டத்திலே ஒரு வழி இருக்கு. எண்ணிக்கையிலே ஆட்சேபம்னு எழுதிக் கொடுத்தா, ஏழு வேலைநாளுக்குள்ளே அதிகாரி தன் கண்ணாலே பார்த்து எண்ணித் திருத்தலாம். போர்ட்டலையே திறந்து கொடுப்பா. ஆனா கண்ணாலே பார்க்கணும். படமெல்லாம் செல்லாது."

"அவர் மலைக்கு வர மாட்டார் சார்."

"வர மாட்டார். வேலைநாளா இருக்கணும், பிள்ளைகள் நேரிலே இருக்கணும், அதிகாரி பார்க்கணும். எந்த இடத்திலேன்னு சட்டத்திலே போடலை." மூக்குப்பொடி டப்பாவைத் தட்டினார். "சனிக்கிழமை மலர் வெளியீட்டு விழா. வாத்தியாரெல்லாம் வரணும்னு அன்னிக்கு வேலைநாள்னு அவரே சர்க்குலர் விட்டிருக்கார். நான்தான் டைப் பண்ணினேன். நான் சொன்னதா சொல்லப்படாது."

அன்றைக்கே ஆட்சேப மனுவை எழுதிக் கொடுத்து, தேதி முத்திரை வாங்கிக்கொண்டுதான் அவள் மலை ஏறினாள்.

மறுநாள் பத்மகுமாரே போனில் வந்தார், நேற்று ஒன்றும் நடக்காத மாதிரி. விழாவுக்குச் செம்பாறையிலிருந்து பன்னிரண்டு குழந்தைகள் வேண்டுமாம். தமிழில் ஒரு வரவேற்புப் பாட்டு. பாவாடை சட்டை, தலையில் பூ. எம்.எல்.ஏ.வுக்கு ரொம்பப் பிடிக்குமாம். "வண்டிக்கு ஒந்நும் கவலைப்படாதீங்க. ரெண்டு ஜீப் அனுப்பறேன். மேல் லயம் வரை வரும். மண்ணெல்லாம் எடுத்து மாத்தியாச்சு."

எண்ணுவதற்கு ஏறாத ஜீப் பாட்டுக்கு ஏறும். பிரிஸில்லா போனைக் கையில் இறுக்கிப் பிடித்தாள். "சரி சார். மூணு ஜீப் அனுப்புங்க. பாட்டுக்குக் கூட்டம் வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

மேல் லயத்தில் மாடம்மாள் அவளை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே கேட்டாள். விஷயம் முழுவதையும் பிரிஸில்லா சொன்னாள். தான் எதற்காகத் தங்கினோம் என்பதையும் மறைக்கவில்லை.

"எங்களப் பத்தி எழுதத்தான் நின்னீயளாக்கும்" என்றாள் மாடம்மாள். "எழுதினத எங்க கிட்டக் காட்டுவாவளா?"

"மாட்டாங்க."

"பெறவு யாருக்கு எழுதினீய?"

மாடம்மாள் சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "சனிக்கிழமை நான் மஸ்டருக்குப் போகல. நானும் ஜீப்புல வாறேன். இந்தத் தடவ நீங்க எங்கயும் காணாமப் போயிரக் கூடாதுல்லா."

சனிக்கிழமை வெயில் அடித்தது. சந்தைத் திடலுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் செண்டை மேளம், மேடையில் ஒன்பது நாற்காலி, நடுவில் குத்துவிளக்கு. மேடையின் பின்னால் தொங்கிய பதாகையில் 'எழுபதாண்டு வளர்ச்சி' என்று மலையாளத்தில் பெரிதாக இருந்தது. கீழே அறுபத்துமூன்று பள்ளிகளின் வாத்தியார்கள். மூன்று ஜீப்பிலிருந்தும் பிள்ளைகள் இறங்கியபோது, வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ஷீஜா டீச்சர் கையை நிறுத்தினாள்.

"பன்னிரண்டுதானே சொன்னாங்க?"

"பாட்டு நீளம் டீச்சர்" என்றாள் பிரிஸில்லா.

ஷீஜா பிள்ளைகளைப் பார்த்தாள். யாரும் பாவாடை சட்டையில் இல்லை. எல்லாரும் யூனிபாரத்தில், பையோடு. அவளுக்குப் புரிந்துவிட்டது. வழி விட்டாள். கடைசிப் பிள்ளையின் பை வார் தோளிலிருந்து சரிந்திருந்தது. குனிந்து சரிசெய்தாள்.

அறிவிப்பாளர் கூப்பிட்டார். இருபத்துமூன்று பேரும் மேடை ஏறி வரிசையாக நின்றார்கள். பத்மகுமார் எம்.எல்.ஏ.வின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரிஸில்லா மைக்கை முதல் பிள்ளையின் வாய்க்கு நேராக இறக்கினாள்.

"மகேஷ். ஒண்ணாம் வகுப்பு. ஒண்ணு."

"அனிதா. ஒண்ணாம் வகுப்பு. ரெண்டு."

சபையில் சிலர் கை தட்டினார்கள், பாட்டின் தொடக்கம் என்று நினைத்து. "மூணு" வந்தது. "நாலு" வந்தது. ஏழாவது எண்ணில் கைதட்டல் நின்றது. வாத்தியார்கள் கூட்டத்துக்குத் தெரியாதா இது என்ன என்று? ஜூன் மாதத்தில் இதைத்தானே அவர்கள் வயிற்றில் நெருப்போடு செய்கிறார்கள். பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தி எழுந்து நின்றார்கள். பத்மகுமாரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிருந்தது.

"டீச்சரே, பாட்டு..." என்றார் பல்லுக்குள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "பதினாலு" என்றான் கீழ் லயத்துக் கடைசிப் பையன். மைக் மேல் லயத்து முதல் பிள்ளையிடம் போனது.

"ஸ்வப்னா. மூணாம் வகுப்பு." பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டாள். கூட்டத்தில் மாடம்மாள் எழுந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. "பதினஞ்சு!"

அந்தக் குரலில் மைக் கீச்சிட்டது. பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கை இருபத்துமூன்று வரை போய் நின்றது. பிரிஸில்லா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். பேச என்னவெல்லாமோ சேர்த்து வைத்திருந்தாள். வந்தது இவ்வளவுதான்:

"இன்னைக்கு வேலைநாள் சார். ஆட்சேப மனு உங்க மேசையில இருக்கு. நீங்க கண்ணால பார்த்தாச்சு."

எம்.எல்.ஏ. பத்மகுமாரைப் பார்த்தார். "எந்தா இது?" பத்மகுமார் எழுந்தார், உட்கார்ந்தார். அதற்குள் மேடையின் பக்கவாட்டுப் படியில் நாகேஸ்வரன் ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு படிவம். குத்துவிளக்கைச் சுற்றி, பொன்னாடைத் தட்டை ஒதுக்கி, படிவத்தை அதிகாரியின் முன்னால் வைத்தார். எண்ணிக்கைக் கட்டத்தில் 23 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"சார், ஒப்பம்."

பத்மகுமார் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. பிரிஸில்லா தன் பேனாவை நீட்டினாள். அறுபத்துமூன்று பள்ளிகளின் வாத்தியார்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இந்த வருஷத்துக்குத்தான் டீச்சரே. அடுத்த ஜூன் வரும்."

"வரும் சார்" என்றாள் அவள். கோபம் துளிகூடக் குறையவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் இறங்கினார்கள். பின்னால் யாரோ மலரை வெளியிட்டார்கள், கைதட்டல் கேட்டது. எல்லாருக்கும் ஒரு பிரதி என்று வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடம்மாள் ஒன்றை வாங்கி, வழவழப்பான தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு பிரிஸில்லாவிடம் நீட்டினாள்.

"நாங்க எங்க இருக்கோம்?"

பிரிஸில்லா பக்கத்தைத் தேடினாள். செம்பாறை. 'தோட்ட உடைமையாளரின் கருணையால் தொடங்கப்பட்டது.' அவ்வளவுதான். கமிட்டி ஒத்துக்கொண்ட உரக்கிடங்கும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. எந்த வரிக்காகத் திங்கட்கிழமை அவள் மலை ஏறாமல் நின்றாளோ, அந்த வரி அச்சிலேயே ஏறவில்லை.

அவள் மலரை மூடினாள். "இல்ல மாடம்மா. போடல."

மாடம்மாள் மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "அடுத்த வருஷம் ஆறாம் நாளு நீங்க மேல வரணும்னு இல்ல டீச்சரு. நாங்க பொம்பளையளு மஸ்டருக்குப் போகாம நாங்களே இறக்கிக் கொண்டாறோம். ஒரு நாள் கூடையத் தொடலைன்னா என்ன?"

அவளுக்குத் தெரியாது, அந்தப் பழைய ஏட்டில் பெண்கள் கூடையைத் தொடாத பதினொரு நாளைப் பற்றி எழுதியிருப்பது.

"ஜீப்புல ஏறுங்க" என்றாள் பிரிஸில்லா. "போற வழியில ஒண்ணு சொல்றேன்."